பழைய பென்ஸ் டீசலுக்கு டர்போ: நெடுநேரப் பந்தயம் தாங்குமா?

14 ஜனவரி 2023 – வாசகர் கேள்வி

"அண்ணா, 1982 மாடல் பென்ஸ் 240டி, கியர் வண்டி, சல்லிசாகக் கிடைத்தது. இங்கே அமெரிக்காவில் மலிவு வண்டிகளை வைத்து நடக்கிற லெமன்ஸ் நெடுநேரப் பந்தயத்துக்கு எடுத்துப் போகலாம் என்று நண்பர்கள் கிளப்பிவிட்டார்கள். டர்போ இல்லாத இன்ஜின். ஜங்க் யார்டில் ஒரு டர்போ எடுத்து மாட்டி, டீசல் பம்பில் ஸ்குரூவைத் திருகிவிட்டால் போதும், அந்தக் காலத்து இரும்பு, எதையும் தாங்கும் என்கிறார்கள். சரியா?"

14 ஜனவரி, இரவு

தாங்கும். அரை மணி நேரம்.

நாங்கள் ஓட்டுவதும் அதே வண்டிதான், அதே ஓஎம் 616 இன்ஜின். 2.4 லிட்டர், 4 சிலிண்டர். ஐரோப்பாவில் 72 குதிரைத்திறன் என்று விற்றார்கள், அமெரிக்காவுக்கு வந்தது 67. அடிப்பாகம் வலுவானது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. அந்த இன்ஜினைக் கொல்வது விசை அல்ல, சூடு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஸ்குரூவில் கை வைக்க வேண்டாம்.

பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழ். பெட்ரோலில் எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும் என்று பயப்படுவார்கள். டீசலில் காற்றுக்குத் தடுப்பே கிடையாது, எப்போதும் முழுக் காற்றும் உள்ளே போகிறது. எவ்வளவு டீசல் ஊற்றுகிறாய் என்பதுதான் விசை, அதுவேதான் சூடும். அதிகம் ஊற்றினால் அதிக சூடு, அவ்வளவுதான். எக்ஸாஸ்ட் வாயுவில் சுற்றுகிற டர்போவின் வேலை காற்றைக் கூட்டுவது. விசை டர்போவில் இல்லை, பம்பில் இருக்கிறது.

15 ஜனவரி

கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தோராயக் கணக்குதான், சண்டைக்கு வராதீர்கள்.

நிமிடத்துக்கு 4000 சுற்றில் 2.4 லிட்டர் இன்ஜின் நொடிக்குச் சுமார் 80 கிராம் காற்று இழுக்கும். புகை தெரியாமல் எரிக்க ஒரு கிராம் டீசலுக்கு இருபது, இருபத்திரண்டு கிராம் காற்று வேண்டும். ஆக நொடிக்கு மூன்றரை கிராம் சொச்சம் டீசல். அதில் முப்பது சதவீதம் சக்கரத்துக்கான வேலையாக மாறுகிறது என்று வைத்தால் 65 குதிரைத்திறன் பக்கம் வருகிறது. காகிதமும் உலகமும் ஒத்துப்போகிற அபூர்வ சந்தர்ப்பம்.

இப்போது 0.6 பார் பூஸ்ட், அதாவது டர்போ தருகிற கூடுதல் காற்றழுத்தம், கொடு. காற்று ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும் என்று தோன்றும். கூடாது. அழுத்தினால் சூடாகும் அல்லவா? வெளியே 30 டிகிரி என்றால், பழைய சின்ன டர்போவில் வெளிவரும் காற்று 95, 100 டிகிரியில் இருக்கும். சூடான காற்று விரிந்து கிடப்பதால் உண்மையான லாபம் முப்பது சதவீதம் சொச்சம்தான். அந்தக் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலர் போட்டு 55 டிகிரிக்கு இறக்கினால் லாபம் ஐம்பது சதவீதத்தை நெருங்கும். 90, 95 குதிரைத்திறன். இந்த இன்ஜினுக்கு அதற்கு மேல் நான் ஆசைப்படமாட்டேன்.

15 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

"95-க்கு இவ்வளவு பாடா? என் மனைவியின் கார் 180" என்று ஒருவர். சரி, உங்கள் மனைவியையே பந்தயத்துக்கு அனுப்புங்கள்.

22 ஜனவரி

டர்போவுக்கு முன்னால் இன்ஜின் வேலை. இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் முதல் நாள் மதியமே டிரெய்லரில் வண்டியை ஏற்றுகிறார்கள்.

கம்ப்ரஷன் பார்த்தபோது எங்கள் நான்கு சிலிண்டரில் மூன்று 24 பார் பக்கம், ஒன்று 19. அந்த ஒன்றைப் பற்றி ஆளுக்கொரு ஜோசியம் சொன்னார்கள். ஹெட்டைக் கழற்றினால் வால்வு உட்காரும் இடம் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். ரிங் நன்றாகவே இருந்தது. ஆனாலும் பிஸ்டனை வெளியே எடுத்தாகிவிட்டது என்பதால் ரிங், பேரிங் எல்லாம் புதிது போட்டோம். கிராங்க் கிரைண்டிங் தேவைப்படவில்லை. லேத் பட்டறையில் சிலிண்டருக்கு ஹோனிங் மட்டும்.

முன்னறைகளைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். இந்த இன்ஜினில் நாசில் நேராக சிலிண்டரில் அடிப்பதில்லை. ஹெட்டில் இருக்கும் சின்ன அறைக்குள் அடித்து, பாதி எரிந்த வாயு அங்கிருந்து துளைகள் வழியாகப் பிஸ்டன் மேல் பாய்கிறது. அந்த அறைக்குள் குறுக்காக ஒரு குண்டு முள் இருக்கும், டீசலைச் சிதறடிக்க. நாற்பது வருஷம் வெந்ததில் அது கரைந்தோ விரிசல் விட்டோ நிற்கும். டர்போ போட்டபின் உடைந்தால் துண்டு எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டைமிங் செயின். நீண்டுபோன செயினால் வால்வைத் திறக்கிற கேமும் தாமதிக்கும், பம்பும் தாமதிக்கும். டீசல் தாமதமாக விழுந்தால் எரிவது எக்ஸாஸ்ட் பக்கம் தள்ளிப்போய், சூடு நேராக டர்போ வாயில் உட்காரும். முன்பக்கக் கவரைப் பிரிக்க வேண்டியதில்லை. பழைய செயினை ஒரு கண்ணியில் வெட்டி, புதியதை அதோடு கோத்து, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு இன்ஜினைக் கையால் சுற்றினால் புதியது உள்ளே போகும், பழையது வெளியே வரும். பிடி விட்டால் தொலைந்தது. அப்புறம் பம்ப் டைமிங்கை, பிஸ்டன் மேல்முனைக்கு வருவதற்கு 24 டிகிரி முன்பாக, சொட்டு முறையில் (பம்பிலிருந்து டீசல் சொட்டுவதைப் பார்த்து) வைத்தோம்.

வாக்குவம் பம்ப். பழையதாக இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பிரேக்குக்கான பம்ப்தானே என்று விட்டுவிடுவார்கள். அதன் பேரிங் உடைந்தால் குண்டுகள் விழுவது டைமிங் செயின் மேல்.

5 பிப்ரவரி

வந்த கேள்வி: "பென்ஸே டர்போ போட்டு விற்ற 5 சிலிண்டர் இன்ஜினை எடுத்துப் போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?"

உண்மை. ஓஎம் 617. அதன் டர்போ வடிவம் 1978-இல் அமெரிக்காவில் 300எஸ்டி காரில் வந்தது, டர்போ டீசலோடு விற்பனைக்கு வந்த முதல் கார் அதுதான். போர், ஸ்ட்ரோக் (சிலிண்டர் அகலம், பிஸ்டன் நகரும் தூரம்) எல்லாம் நம் 616 போலவே, ஒரு சிலிண்டர் அதிகம். அதனால்தான் "அதே இன்ஜின்தானே, அது தாங்கினால் இதுவும் தாங்கும்" என்று பலர் வாதாடுகிறார்கள்.

அதே இன்ஜின் இல்லை. டர்போவுக்காக அவர்கள் உள்ளே மாற்றியதைப் பாருங்கள்: பிஸ்டன் அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்கள், சோடியம் நிரப்பிய எக்ஸாஸ்ட் வால்வுகள், கடினப்படுத்திய கிராங்க், பெரிய ஆயில் கூலர். எல்லாமே சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதற்கான பதில்கள். நம் 616-இல் ஜெட் கிடையாது. பிஸ்டன் தலையில் விழும் சூடு ரிங் வழியாகச் சிலிண்டர் சுவருக்குத்தான் போயாக வேண்டும். எனவே 617-இல் ஒருவர் எந்த வெப்பநிலை வரை ஓட்டுகிறாரோ, அதை நாம் ஓட்டக்கூடாது.

வால்வு இடைவெளியிலேயே இது எழுதியிருக்கிறது. டர்போ இல்லாததற்கு எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர், டர்போ உள்ளதற்கு 0.35. வால்வு கூடுதலாகச் சூடாகி நீளும் என்று தொழிற்சாலையே இடம் விட்டிருக்கிறது. நான் 0.35 வைத்தேன்.

அப்படியானால் 617-ஐயே ஏன் போடவில்லை? கனம், கியர்பாக்ஸ், காசு. நிஜமான காரணம், எங்கள் கூட்டத்தில் ஒருவர் 616-ஐத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவருடைய கராஜில்தான் வண்டி நிற்கிறது.

அந்த 617-ஐ வைத்து பென்ஸ் இத்தாலியின் நார்டோ வட்டப் பாதையில் சி111 காரை ஓட்டியது தனிக் கதை. 1976-இல் 190 குதிரைத்திறன், மணிக்குச் சராசரி 252 கிலோமீட்டர். 1978-இல் 230 குதிரைத்திறன், 300-க்கு மேல், அதுவும் 12 மணி நேரம் தொடர்ந்து. 3 லிட்டர் டாக்சி இன்ஜின்! சி111-இன் வேகத்துக்கு அதன் உடலமைப்பு காற்றை வெட்டியதும் பெரிய காரணம். நம் 240டி காற்றை வெட்டாது, முட்டும்.

6 பிப்ரவரி

டெம்போ டிராக்ஸ் பற்றி யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன், கோவைக்காரர் சொல்லிவிட்டார். ஆமாம், ஊரில் மலைப்பாதையில் ஆட்களை அடைத்துக்கொண்டு ஏறுகிற பழைய டிராக்ஸில் இருப்பது இதே 616-தான், உரிமம் வாங்கி பஜாஜ் டெம்போ செய்தது. பிறகு ஃபோர்ஸ் என்று பெயர் மாறியபின், அதே வழியில் வந்த 2596 சிசி இன்ஜினுக்கு டர்போவும் இன்டர்கூலரும் போட்டு கூர்க்கா ஜீப்பில் வைத்தார்கள். எண்பது சொச்சம் குதிரைத்திறன்தான் எடுத்தார்கள். 140 எடுக்கலாம் என்று இங்கே சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கவும்.

பாகங்கள் ஊரிலிருந்து வரவழைக்கலாமா? கேஸ்கெட், பேரிங் மாதிரி சிலது பொருந்தும், சிலது பொருந்தாது. வாங்கும் முன் அளவெடுங்கள். டிராக்ஸ் ஓட்டுகிற என் மாமாவிடம் கேட்டதற்கு, "அதுல போய் ரேஸா?" என்று போனை வைத்துவிட்டார்.

12 மார்ச்

டர்போ மாட்டியாகிவிட்டது. குறிப்புகள், வரிசையில்லாமல்.

ஆயில் போகும் குழாய் சின்னதாக இருந்தால் போதும், திரும்பும் குழாய் பெரிதாக இருக்க வேண்டும். டர்போவிலிருந்து ஆயில் நுரைத்துக்கொண்டு தன் எடையில் கீழே வடிகிறது, யாரும் உறிஞ்சவில்லை. வளைவு இல்லாமல், ஆயில் பேனில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். வடியாவிட்டால் சீல் தாண்டிக் காற்றுக் குழாய்க்குள் ஆயில் போகும். டீசல் இன்ஜினுக்கு அதுவும் தீனிதான்: பம்பை நிறுத்தினாலும் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு வெறிபிடித்து ஓடும். அப்படி ஆனால் டாப் கியரில் பிரேக்கை மிதித்து அடக்க வேண்டும், இல்லையென்றால் காற்று வாயை மூட வேண்டும். மூடி ஒன்றைக் கேபிளோடு வைத்திருக்கிறோம்.

டர்போ இல்லாத வண்டியின் பம்பில் பூஸ்டைப் பார்த்து டீசல் கூட்டுகிற கருவி கிடையாது. ஸ்குரூவைத் திருகினால் பூஸ்ட் வருமுன்னே டீசல் வந்துவிடும், கரும்புகை. தெருவில் அசிங்கம். பந்தயத்தில் எப்போதும் 2500-க்கு மேலேதான் சுற்றுகிறது, அதனால் வளைவிலிருந்து கிளம்பும்போது மட்டும் குப்பென்று ஒரு புகை. பின்னால் வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி வருகிறார்கள், அதுவும் நல்லதுதான்.

காற்று எடுக்கும் இடம். 1952 இண்டியானாபோலிஸ் 500 (சுருக்கமாக இண்டி) பந்தயத்தில் கம்மின்ஸ் நிறுவனத்தின் டீசல் காரை ஃப்ரெடி அகபாஷியன் ஓட்டினார். முதலிடத்திலிருந்து கிளம்பியது. அந்தப் பந்தயத்தில் டர்போ வைத்த முதல் கார் அது. 71-ஆவது சுற்றில் நின்றது. காற்று வாய் தாழ்வாக முன்னால் இருந்ததால், டிராக்கில் உதிர்ந்த டயர் ரப்பர் துகளை உறிஞ்சி டர்போ அடைத்துக்கொண்டது. ஆகவே எங்கள் வாய் பானெட்டுக்கு மேலே, பெரிய ஃபில்டரோடு. பார்க்கச் சகிக்காது.

13 மார்ச்

"டீசலும் இண்டியும் என்றால் 1931-ஐச் சொல்ல வேண்டாமா?" சொல்லலாம். அந்த வருஷம் கம்மின்ஸ் காரில் டேவ் எவன்ஸ் 500 மைலையும் ஒருமுறைகூட நிற்காமல் ஓட்டி 13-ஆவதாக வந்தார். வேகம் 86 மைல் சராசரி, பெரிதாக ஒன்றுமில்லை. நிற்கவே இல்லை, அதுதான் சமாசாரம். எங்கள் திட்டமும் அதுவேதான், 1931-க்குப் பின் மூளை பெரிதாக வளரவில்லை.

2 ஏப்ரல்

ஜனவரி கணக்கில் இன்டர்கூலரைப் பற்றி விசை லாபமாக மட்டும் எழுதியிருந்தேன். ஓட்டிப் பார்த்தபின் அதை வேறு மாதிரி சொல்லத் தோன்றுகிறது. விசை கூடியது பெரிதாகத் தெரியவில்லை. டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்டில் வைத்த வெப்பமானிதான் சொன்னது: பம்பைத் தொடாமல் இன்டர்கூலரை மட்டும் போட்டதற்கு, நீண்ட ஏற்றத்தில் 700 தொட்ட முள் 640-இல் நின்றது. அந்த 60 டிகிரியை விசையாக மாற்றலாம், ஆயுளாகவும் மாற்றலாம். நான் ஆயுளை எடுத்துக்கொண்டேன்.

இன்டர்கூலர் எங்கிருந்து? பழைய சாப் காரிலிருந்து. பட்ஜெட் 500 டாலர்தான் என்பதால் அதன் விலையைக் கேட்காதீர்கள். பாதுகாப்புச் சாமான்கள் அந்தக் கணக்கில் வராது. மிஞ்சினால் தண்டனைச் சுற்று. நடுவர்களுக்கு அங்கே லஞ்சம் வெளிப்படையாகவே கொடுக்கலாம், சாராயம்தான் வழக்கம். நாங்கள் முறுக்கும் தட்டையும் கொண்டுபோனோம், ஒரு டின் காலி.

வெப்பமானி வைக்கும் இடம் பற்றிப் பலர் குழம்புகிறார்கள். டர்போவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். டர்பைனைச் சுற்றியதில் வாயு சூட்டை இழந்துவிடும், அங்கே தெரியும் எண் உங்களைத் தாலாட்டும். முன்னால் வையுங்கள். எனக்கான வரம்பு தொடர்ந்து 650, கடக்கும்போது சில நொடி 700.

9 ஏப்ரல்

கில் சுவிட்ச்! டீசல்காரர்கள் எல்லோரும் பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனையில் மாட்டும் இடம். விதிப்படி வெளியிலிருந்து சுவிட்சைத் திருப்பினால் மின்சாரமும் போக வேண்டும், இன்ஜினும் நிற்க வேண்டும். இந்த இன்ஜின் ஒருமுறை கிளம்பிவிட்டால் மின்சாரமே தேவையில்லை, பேட்டரியைக் கழற்றித் தூக்கிப் போட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பினால் வாக்குவம்தான் பம்பை அடைக்கிறது. பம்ப் பக்கம் 'ஸ்டாப்' என்று எழுதிய ஒரு நெம்புகோல் இருக்கும். அதிலிருந்து சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்றை இழுத்து, கில் சுவிட்ச் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினோம். பரிசோதகர் இழுத்தார், நின்றது. இன்னொரு முறை இழுத்தார். சிரித்துவிட்டுப் போனார்.

21 மே

தென் கரோலினா, கெர்ஷா. முடித்துவிட்டோம். பந்தயத்தின் பெயரில் 24 மணி நேரம் என்று இருந்தாலும் பெரும்பாலான லெமன்ஸ் பந்தயங்கள் சனி ஞாயிறு இரண்டு பகலில் பிரித்து ஓடுவதுதான். கை வலிக்கிறது, நாளை எழுதுகிறேன்.

24 மே

நாளை என்பது மூன்று நாள் ஆகிவிட்டது.

நேர் ரோட்டில் எல்லோரும் எங்களைத் தாண்டினார்கள். மியாட்டா, ஹோண்டா, சவ ஊர்தி வேஷம் போட்ட ஒரு வேன். கவலைப்படவில்லை. தொட்டி 65 லிட்டர். அவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்ரோலுக்கு வந்தபோது, நாங்கள் டிரைவர் மாற்றத்துக்கு மட்டும் வந்து போனோம். டீசல் ஊற்றியது ஒன்று விட்டு ஒரு நிறுத்தத்தில். மணிக்குப் பதினேழு லிட்டர் பக்கம் குடித்தது. 1998-இல் நூர்பர்க்ரிங் 24 மணி நேரத்தை பிஎம்டபிள்யூ 320டி ஜெயித்ததும் இதே வகைக் கணக்கில்தான். அவர்களுக்கு வேகமும் இருந்தது என்பது ஒரு சின்ன வித்தியாசம்.

டிரைவர்களுக்கு ஒரே கட்டளை: ஆர்பிஎம் முள்ளைப் பார்க்காதே, வெப்ப முள்ளைப் பார். 3800-இல் கியர் மாற்று. மேலே சுற்றினால் சத்தம்தான் கூடும். இளவட்டம் ஒருவர் முதல் அரை மணி நேரம் 720-இல் ஓட்டினார். ரேடியோவில் மரியாதையாகச் சொன்னோம், பிறகு மரியாதை இல்லாமல் சொன்னோம். அதன்பின் அவருடைய சுற்று நேரம் ஒன்றரை நொடிதான் கூடியது.

டிராக் ஓரத்து நிறுத்தமான பிட்டுக்கு வருவதில் ஒரு சிக்கல். டீசல் ஊற்ற இன்ஜினை உடனே அணைத்தாக வேண்டும். சூடான டர்போவுக்குள் நிற்கும் ஆயில் கருகிப் பொருக்காகும். அதனால் உள்ளே வரும் சுற்றில் பாதி தூரத்தை மிதிக்காமல் உருட்டிக்கொண்டு வரச் சொன்னோம். முள் 350-க்கு இறங்கியபின் அணைத்தால் பயமில்லை.

உடைந்தது என்ன? டர்போ இல்லை, பிஸ்டன் இல்லை. இன்ஜின் மவுண்ட் ரப்பர். இன்ஜின் சாய்ந்து இன்டர்கூலர் ஹோஸ் கழன்று, பூஸ்ட் போய் கரும்புகையோடு உள்ளே வந்தார்கள். மாட்டி அனுப்பினோம், டி-போல்ட் கிளாம்ப் போட்டு.

25 மே

"ஹோஸ் கழன்றபோது வெப்பம் என்ன ஆச்சு?" நல்ல கேள்வி. ஏறியது. காற்று போய்விட்டது, டீசல் குறையவில்லை, ஏனென்றால் நம் பம்புக்குப் பூஸ்ட் இருப்பதே தெரியாது. பூஸ்டைப் பார்த்து டீசல் கூட்டுகிற கருவி இல்லாததை மார்ச்சில் புகை விஷயமாக மட்டும் எழுதினேன். நெடுநேர ஓட்டத்துக்கு அதன் உண்மையான பயன் இதுதான்: டர்போ செத்தாலும் இன்ஜினைக் காப்பாற்றும். 300டி டர்போ வண்டியின் பம்பில் ஆல்டா என்ற அந்தக் கருவி உண்டு, ஆனால் அது 5 சிலிண்டர் பம்ப், நம்மிடம் 4.

11 ஜூன்

ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். பிஸ்டன் தலைகளில் கரி மட்டும். மூன்றாவது சிலிண்டர் முன்னறையில் குண்டு முள் லேசாகக் கரைந்திருக்கிறது, மாற்றுகிறோம். ஆனால் இங்கே யாரும் கேட்காத ஒன்று: தண்ணீர். முன்னறை இன்ஜின், டீசலின் சூட்டில் பெரிய பங்கைக் கூலன்ட்டுக்குள் தள்ளுகிறது. சனிக்கிழமை மதியம் 108 வரை போனது. டர்போவைப் பற்றி இவ்வளவு பக்கம் எழுதிவிட்டு ரேடியேட்டரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்று என் கூட்டாளி இடித்துக்காட்டுகிறார். எழுதிவிட்டேன்: பெரியது போடுங்கள்.

12 ஜூன்

தொடங்கிவைத்த தம்பிக்கு: 240டி-யை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். முன்னறைகள் நான்கும் நன்றாக இருந்தால் தனியாக எடுத்து வைக்கவும், விலை சொல்லவும். கில் சுவிட்ச் கேபிள் படம் கேட்டவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். பம்பைக் கேலிப்ரேஷனுக்கு அனுப்பியிருக்கிறோம், பூஸ்ட் பார்க்கும் கருவி ஒன்றை அதில் பொருத்த முடியுமா என்று அந்தப் பட்டறைக்காரர் பார்த்துச் சொல்வார். முடியாது என்றால் பூஸ்ட் குறைந்தால் கத்துகிற அலாரம் ஒன்று, பன்னிரண்டு டாலர்.